நட்சத்திரக் குறிக்கு வெளியே விழுந்த பக்கங்கள்

"தம்பி, உன் புரோகிராம்ல ஒண்ணும் கோளாறு இல்லையே?" என்று முதலாளி கேட்டபோது, "இல்லண்ணே" என்று சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றுகொள்வோமே, அந்த மாதிரி வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லால் பக்கத்து மேசை அக்காவுக்கு வேலை போக இருந்தது.

காரைக்குடிப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்போம். முதலாளி ஜெராக்ஸ் கடையில் தொடங்கி இந்த அளவுக்கு வந்தவர். ஸ்கேன் செய்வது அக்கா. நாற்பதைத் தாண்டியவர். அதற்கு முன் ஜவுளிக் கடையில் பன்னிரண்டு வருடம் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டி, முழங்கால் இரண்டும் போய்விட்டன. "இங்க நாற்காலி குடுத்தாகளே, அது போதும் தம்பி எனக்கு" என்பார். ஸ்கேன் ஆன பக்கங்களைச் சேர்த்துக் கட்டுகிற புரோகிராமை எழுதியது நான்.

அந்த முறை எங்களுக்கு வந்தவை பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடுகள். கண்டரமாணிக்கத்தில் ஒரு பள்ளி, நெற்குப்பையில் ஒன்று, அரியக்குடியில் ஒன்று. மொத்தம் பதினொரு தடித்த நோட்டுகள். இந்த வேலை வந்ததில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைச் சேர்க்கப் போனபோது அப்பா பெருவிரலில் மை தடவி வைத்தது இப்படி ஒரு நோட்டில்தான். பிறந்த தேதி கேட்டதற்கு அப்பா, "கருது அறுக்குற சமயம் சார்" என்றிருக்கிறார். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டிருக்கிறார். ஜூனில் எங்கள் ஊரில் அறுக்க என்ன இருக்கிறது? ஆனாலும் இன்றுவரை என் பிறந்தநாள் அதுதான்.

பதினொன்றையும் முடித்து, நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, பிடிஎஃப் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு அனுப்பினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை கண்டரமாணிக்கம் பள்ளியின் கிளார்க் போன் செய்தார். எந்தப் பதிவேட்டிலும் முதல் பக்கம் இல்லை என்றார். மற்ற இரண்டு பள்ளிக்கும் போனதைத் திறந்து பார்த்தோம். அவற்றிலும் இல்லை. பதினொன்றிலும் இல்லை.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய பக்கம் இல்லை அது. இந்த நோட்டில் இத்தனை பக்கங்கள் உள்ளன என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவது முதல் பக்கத்தில்தான். அது இல்லையென்றால் மற்ற இருநூறு பக்கமும் வெறும் படம்.

முதலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். "ஏம்மா, முதப் பக்கத்த எடுக்காமலா விட்டீக?"

"எடுத்தேண்ணே. முதப் பக்கம் எடுக்காம ரெண்டாம் பக்கம் எப்படி எடுப்பேன்?"

"அப்ப எங்க போச்சு? எந்திரிச்சு நடந்து போச்சா?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்? எடுத்தது சத்தியம்."

"ஒண்ணு ரெண்டுன்னா தவறுதல்னு சொல்லலாம். பதினொண்ணுலயும் விட்டிருக்கீக. அட்டையத் தெறந்ததும் ஏதோ காலிப் பக்கம்னு தள்ளிட்டீக போல."

அப்போதுதான் முதலாளி என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். "அப்பச் சரி" என்றார். "சனிக்கிழமை வரைக்கும் வாங்கம்மா. அதுக்கப்புறம் நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

அன்று மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நான் என்னுடையதைத் திறந்து, நாலு வாய் சாப்பிட்டு, மூடிவிட்டேன்.

புதன்கிழமை காலை முதலாளி வருவதற்கு முன்னாலேயே போனேன். அக்காவும் சீக்கிரம் வந்திருந்தார். "அக்கா, ஒரு புது நோட்ட எடுத்து, எப்பவும் எப்படிச் செய்வீகளோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன்.

"எதுக்கு? நீயும் வேவு பாக்கவா?"

"இல்லக்கா. சும்மா, எனக்காக."

அட்டையை விரித்தார். முதல் பக்கத்தில் சிவப்பு, நீல முத்திரைகள் இருப்பதால் அதை மட்டும் வண்ணத்தில் எடுப்போம். அதனால் அதன் பெயரைத் தனியாகக் கையால் அடிக்க வேண்டும். இரண்டாவது பக்கத்துக்கு 'பக்கம் 002' என்று கொடுத்துவிட்டால் பிறகு ஸ்கேனரே எண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். அக்கா ஸ்கேனரை மூடி, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, அடித்தார்:

உ பக்கம் 001

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, அது என்ன முன்னாடி?"

"எது? பிள்ளையார் சுழியா? புது நோட்டுய்யா. சுழி போடாம எப்படி ஆரம்பிக்கிறது?"

"எல்லா நோட்டுக்கும் போட்டீகளா?"

"பின்னே? ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம விடுவாகளா?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதியிலேயே அது நின்றுவிட்டது.

என் புரோகிராமில் பக்கங்களைப் பொறுக்குகிற வரியில் நான் எழுதியிருந்தது 'பக்கம்*'. நட்சத்திரக் குறிக்கு, "இந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்" என்று பொருள். ஆனால் குறி நிற்கிற இடத்தில் மட்டும்தான் அந்தச் சலுகை. அதற்கு முன்னால் உள்ள 'பக்கம்' அப்படியே, எழுத்துக்கு எழுத்து, பெயரின் தொடக்கத்திலிருந்தே பொருந்த வேண்டும். 'பக்கம் 002' பொருந்தும். 'உ பக்கம் 001' பொருந்தாது. கேட்டது கிடைக்காவிட்டால் அந்தப் பொறுக்குகிற செயல் சண்டை போடாது, சத்தம் போடாது. பொருந்தியதை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். என் புரோகிராம் பக்கம் இரண்டிலிருந்து கட்டி, பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று காட்டியது.

அதோடு போயிருந்தால்கூட முதல் பக்கங்கள் ஃபோல்டரில் பத்திரமாகக் கிடந்திருக்கும். ஆனால் ஒரு பதிவேடு முடிந்ததும் ஃபோல்டரைக் காலி செய்ய நான் இன்னொரு வரி எழுதியிருந்தேன். அதில் வெறும் நட்சத்திரம் மட்டும். வெறும் நட்சத்திரத்துக்கு எல்லாமே பொருந்தும். எடுப்பதற்கு ஒரு சல்லடை, அழிப்பதற்கு அதைவிடப் பெரிய கண் வைத்த இன்னொரு சல்லடை. புரோகிராம் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. போனது போனதுதான்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, நான் போட்டது தப்பா?" என்றார்.

இந்த இடத்தில் நான் யோசித்ததை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பெயர் 'பக்கம்' என்றுதான் தொடங்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தேன். காகிதத்தில் எழுதி அக்காவின் மேசையில் ஒட்டியும் வைத்திருந்தேன். அது அங்கேதான் இருந்தது. அதைக் காட்டினால் முதலாளி ஒத்துக்கொள்வார். எனக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் அம்மா எல்லோரிடமும், "எம்மகன் ஆபீசுல கம்ப்யூட்டர் வேலை பாக்குறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது வேறு ஞாபகத்துக்கு வந்தது.

"நீங்க போட்டது தப்பில்லக்கா" என்றேன். "நான் அழிச்சதுதான் தப்பு."

முதலாளி பத்து மணிக்கு வந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவருக்கு நட்சத்திரக் குறியை விளக்க பஸ்ஸைத்தான் இழுக்க வேண்டியிருந்தது. "அண்ணே, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர்கிட்ட, போர்டுல காரைக்குடின்னு ஆரம்பிக்கிற பஸ் எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு சொல்றோம்னு வைங்க. காரைக்குடி–மதுரை நிக்கும். மதுரை–காரைக்குடி நிக்காது. அவரு சொன்னதத்தான் செஞ்சிருக்காரு. நாமதான் தப்பாச் சொல்லியிருக்கோம்."

"அப்ப முன்னாடி ஒரு நட்சத்திரம், பின்னாடி ஒரு நட்சத்திரம் போட வேண்டியதுதான?"

சட்டென்று கேட்டுவிட்டார். கம்ப்யூட்டர் படிக்காதவர் கேட்கிற கேள்வி மாதிரியே இல்லை. "போட்டா வேற சிக்கல் வரும்ணே. ஆடிப்போன பக்கம், மடங்கிப்போன பக்கம் எல்லாத்துக்கும் அக்கா முன்னாடி 'வேணாம்'னு போடுவாக. 'வேணாம் பக்கம் 014' அப்படின்னு. ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டா அதுவும் உள்ள வந்துரும். அதுக்காகத்தான் முன்னாடி போடல. மிச்சம் கெடக்குறது எல்லாம் 'வேணாம்'தான்னு நெனச்சு மொத்தமா அழிச்சிட்டேன்."

"மிச்சத்துல என்ன இருக்குன்னு பாக்கல."

"பாக்கலண்ணே."

"நேத்துக் கேட்டப்ப ஏன் இல்லைன்ன?"

"பயந்துட்டேண்ணே."

அவர் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துக் காகிதமே இல்லாமல் இரண்டு தரம் அடித்தார். "ரெண்டு பேருமாச் சேந்து பதினோரு முதப் பக்கத்த முழுங்கியிருக்கீக. ஒருத்தர் சாமி கும்பிட்டு, ஒருத்தர் படிச்சு" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். "சனிக்கிழமைக்குள்ள பதினொண்ணும் வந்தாகணும். ஊர் ஊராப் போயி எடுத்துட்டு வாங்க. வந்தாப் பாப்போம்."

பாப்போம் என்றுதான் சொன்னார். இருங்கள் என்று சொல்லவில்லை. அக்கா அதைக் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும்.

வியாழன் காலை கையடக்க ஸ்கேனரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முதலில் நெற்குப்பை போனோம். பஸ்ஸில் அக்கா பையை மடியில், குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி வைத்திருந்தார். நான் என் போனில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தேன்.

கோப்புகளைப் பொறுக்குகிற அந்தச் செயலை நான் சொந்தமாக எழுதவில்லை. அது ஒரு லைப்ரரியிலிருந்து வந்தது. யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிற நிரல்களின் கட்டு அது. எந்தெந்த நாட்டிலோ இருந்து பலர் அதைச் சும்மா பராமரிக்கிறார்கள். குறை, யோசனை எதுவானாலும் எழுதலாம், பதில் சொல்வார்கள். நான் அதுவரை எழுதியதில்லை. என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம்.

பஸ் குலுங்கக் குலுங்க எழுதினேன். புள்ளியில் தொடங்கும் பெயர்களை உங்கள் நட்சத்திரம் தொடுவதில்லை. அவை மறைத்து வைத்தவை என்பது பழைய வழக்கம், அது எனக்கும் புரிகிறது. உள் ஃபோல்டருக்குள் ஒற்றை நட்சத்திரம் இறங்காது, அதுவும் நியாயம். ஆனால் பொருந்தியவற்றைக் கொடுக்கும்போது, பொருந்தாமல் நின்றவை எவை என்றும் கேட்டால் சொல்லும்படி ஒரு வசதி வைத்தால் என்ன? எங்கள் அலுவலகத்தில் பதினொரு பக்கங்கள் அப்படித்தான் போயின. இவ்வளவுதான் கடிதம். அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நெற்குப்பைப் பள்ளி கிளார்க் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேர மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் அழகா அடிச்சுக் குடுத்த ஆளுக நீங்கதானா?"

"மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கோம் சார்" என்றார் அக்கா.

கிளார்க் சிரித்துவிட்டு ஐந்து நோட்டையும் எடுத்துப் போட்டார். அக்கா ஒவ்வொரு அட்டையாக விரிக்க விரிக்க நான் குனிந்து பார்த்தேன். அதுவரை அந்த முதல் பக்கங்களை நான் பார்த்ததே இல்லை. என் புரோகிராம் பார்த்திருந்தால்தானே நான் பார்ப்பேன். முதல் நோட்டின் தலையில் ஊதா மையில் 'உ'. அடுத்ததில் அதே இடத்தில் சின்னதாக ஒரு சிலுவை. மூன்றாவதில் '786'. நான்காவதில் 'உ', ஆனால் வேறு கை. ஐந்தாவதில் எதுவும் இல்லை, வெறும் தேதி. ஒவ்வொரு காலத்திலும் இருந்த தலைமையாசிரியர்கள் அவரவருக்குத் தெரிந்தபடி தொடங்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கையெழுத்து, முத்திரை, பக்க எண்ணிக்கை எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கின்றன. தொடக்கம் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறியிருக்கிறது.

மனிதர்கள் பெயர் வைக்கும்போது எங்கே கை நீளும் என்று யாரையும் கேட்காமல் விதி எழுதியவன் நான் என்பது அங்கே நிற்கும்போது உறைத்தது. 'பக்கம் என்றே தொடங்கு' என்று மேசையில் ஒட்டினால் எல்லாம் ஆயிற்று என்று நினைத்திருந்தேன்.

அங்கேயே மரப் பெஞ்சில் உட்கார்ந்து, பழைய வரியை அழித்துப் புதிதாக எழுதினேன். பெயர் 'பக்கம்' என்று தொடங்கினால் எடு. 'வேணாம்' என்று தொடங்கினால் அழி. அழிப்பதற்கு இனி அந்த ஒரு சொல்தான், வெறும் நட்சத்திரம் கிடையாது. இந்த இரண்டிலும் சேராமல் ஏதாவது நின்றால், கட்டாதே, அழிக்காதே. பெயர்களைத் திரையில் காட்டிவிட்டு நில். எண்கள் ஒன்றிலிருந்து வரிசையாக வருகின்றனவா என்றும் பார். மொத்தமே பத்துப் பதினைந்து வரிதான். முதலிலேயே எழுதியிருக்கலாம்.

"என்னய்யா தட்டிக்கிட்டே இருக்க?" என்றார் அக்கா.

"இனிமே நீங்க என்ன போட்டாலும் அது நின்னு கேக்கும்க்கா."

"அப்ப நான் சுழி போடலாமா?"

"போடுங்க. அது எடுக்கவான்னு கேக்கும், ஆமான்னு ஒரு தட்டுத் தட்டிருங்க."

"அட, நல்ல புள்ளையாட்டம் கேக்குமா! இத மொதல்லயே அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

கண்டரமாணிக்கத்தையும் அரியக்குடியையும் வெள்ளிக்கிழமை முடித்தோம். அரியக்குடியில் பதிவேடு வைத்த பீரோவின் சாவி ஒரு ஆசிரியையிடம் இருந்தது. அவர் மத்தியானம்தான் வருவார் என்றார்கள். வேப்ப மரத்தடியில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, போனில் லைப்ரரிக்காரர்களின் பதில் வந்தது.

எழுதியவர் ஒரு பெண், எந்த ஊர் என்று தெரியாது. பணிவாக மறுத்திருந்தார். பொருத்திப் பார்க்கிற செயல் கேட்டதற்கு மட்டும் விடை சொல்ல வேண்டும். கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தால் கோடிக் கோப்புகள் உள்ள இடத்தில் அது திணறிப்போகும். மிச்சத்தைப் பார்ப்பது பயன்படுத்துகிறவரின் பொறுப்பு என்றிருந்தார். படித்ததும் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டாம் முறை படித்தபோது அவர் சொல்வதும் சரிதான் என்று பட்டது. சல்லடையிடம் போய், கீழே விழுந்ததை ஏன் எண்ணவில்லை என்று கேட்கிறேன். எண்ண வேண்டியவன் சல்லடையைப் பிடித்திருந்தவன்.

கடிதம் அதோடு முடியவில்லை. "எடுப்பதற்கு ஒரு வடிவம், அழிப்பதற்கு அதைவிட அகலமான வடிவம் வைக்கக் கூடாது என்று எங்கள் விளக்கக் குறிப்பில் எங்கேயும் இல்லை. அதை நீங்களே எழுதித் தருவீர்களா? உதாரணத்தில் உங்கள் மொழிப் பெயர்களையே வையுங்கள். இதுவரை யாரும் அப்படிச் சோதித்ததில்லை" என்று கேட்டிருந்தார். மூன்று வாரம் கழித்து, பல திருத்தங்களுக்குப் பிறகு, அந்தக் குறிப்பு ஏறியது. இன்றைக்கும் அதைத் திறந்தால் ஆங்கிலத்துக்கு நடுவே 'பக்கம் 001', 'வேணாம் பக்கம் 014' என்று நிற்கும்.

அன்று மரத்தடியில் அந்தப் பதிலில் இருந்ததை அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இத அண்ணன்கிட்டச் சொன்னா நாளைக்கு ஏதும் மனசு மாறுவாகளா?"

"தெரியலக்கா" என்றேன்.

சாவி வந்தது. கடைசி இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

சனிக்கிழமை காலை முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பழைய பிடிஎஃப்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் போட்டு, புதிதாக எடுத்த முதல் பக்கங்களோடு பதினொரு பதிவேட்டையும் மறுபடி கட்டினேன். ஒவ்வொன்றிலும் புரோகிராம் ஒரு பெயரைக் காட்டி நின்றது. அக்கா குனிந்து 'ஆம்' என்பதைத் தட்டினார். பதினொரு தடவை. முதலாளி ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறக்கச் சொல்லி, முதல் பக்கத்தைப் பெரிதாக்கி, முத்திரையைப் படித்துப் பார்த்தார். பிறகு மூன்று பள்ளிக்கும் அனுப்பச் சொன்னார். கண்டரமாணிக்கம் கிளார்க் அரை மணி நேரத்தில் போன் செய்தார். முதலாளி "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அக்கா தன் மேசையில் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் ஏற்கெனவே பையில் எடுத்து வைத்திருந்தார். முதலாளி அதைப் பார்த்தார்.

"எதுக்கு மூட்டை கட்டுறீக? அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னும் ஏழு நோட்டு இருக்காம். வந்துட்டுப் போன அந்த அம்மாவையே எடுக்கச் சொல்லுங்கங்குறாரு." சொல்லிக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்தார். "திங்கக்கிழமை எட்டரைக்கு வந்துருங்க."

அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மறுபடி மேசையில் வைத்தார். "எட்டரைக்கு எங்க ஊர்ல பஸ்ஸே கிடையாதுண்ணே" என்றார். "ஒம்பதே காலுக்குத்தான் வர முடியும்."

அவர் முதலாளியிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒம்பதே கால்னா ஒம்பதே கால். அதுக்கு மேல ஆகக் கூடாது" என்றார்.

"பஸ்ஸுக்காரன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே" என்றார் அக்கா.